இடது பக்கம் இரண்டு தட்டு

படம் எடுப்பதற்கு முன்னால் ஃபிளாஷின் இடது பக்கத்தை இரண்டு முறை தட்டுவது போட்டோக்காரரின் வழக்கம். இடது கை மோதிர விரலால், கல் வைத்த மோதிரம் படும்படி, டக் டக் என்று தட்டுவார். அதன் பிறகுதான் பட்டனை அழுத்துவார். இருபத்திரண்டு வருஷமாக இதில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இரண்டாவது தட்டுக்குச் சிரிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். யாராவது கதவை இரண்டு முறை தட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற குழந்தைகள் அந்தத் தெருவில் உண்டு.

"மெஷினுக்கும் மனசு இருக்குங்க. தட்டி எழுப்பினாத்தான் வேலை செய்யும்" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டது. அவருடைய மச்சினிக்கு மறக்கவில்லை. முப்பத்தாறு வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. எட்டாம் வகுப்பு பாதியில் படிப்பு நின்று, அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்தவள். குழந்தை பிறந்தது, வளர்ந்தது, படித்தது, வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டது. ஒத்தாசைதான் இன்னும் திரும்பிப் போகவில்லை. நடுவில் இரண்டு வரன்கள் வந்து, பெண் வாயே திறக்கவில்லை என்று எழுந்து போனார்கள். இரண்டு பேரும் போகும்போது அத்தான் பேச்சைப் பாதியில் விட்டுத்தான் போனார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வந்த புதிதில் அத்தானிடம் இருந்த ஃபிளாஷில் பேட்டரி போடும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தட்டினால் செல்லைத் தொடும், விட்டால் விலகும். நான்காவது நாள் பாப்பா அதைக் கவனித்தாள். மிட்டாய் சுற்றி வந்த வெள்ளித்தாளைச் சின்னதாக மடித்து ஸ்பிரிங்குக்கு அடியில் செருகி வைத்தாள். அன்றிலிருந்து அது தட்டாமலே வேலை செய்யும். ஆனால் தட்டாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால்தானே அது தெரியவரும்? அத்தான் அப்படியெல்லாம் பரீட்சை வைக்கிற ஆள் இல்லை. முதல் ஃபிளாஷ் போய் இரண்டாவது வந்தது, இரண்டாவது போய் மூன்றாவது வந்தது. தட்டு மட்டும் போகவில்லை.

வீட்டை ஒட்டியே இருந்த ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னல் ஓரத்தில், பாப்பாவுக்கு ஒரு மேஜை உண்டு. பாஸ்போர்ட் படங்களை வெட்டி உறையில் போடுவதற்கான மேஜை. மேல் இழுப்பறையில் கத்தரிக்கோலும் உறைகளும் இருக்கும். கீழ் இழுப்பறையில் ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் அயர்ன், மீட்டர், நான்கு அளவு ஸ்க்ரூ டிரைவர், நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று. செத்துப்போன முதல் ஃபிளாஷை ஒரு மாதம் பிரித்தும் மாட்டியும் பார்த்துத்தான் அவள் இதில் இறங்கினாள். உள்ளே உருளையாக ஒரு கண்டென்சர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கண்டென்சரே சொன்னது. ஒரு முழு நாள் வலது கை மரத்துப்போயிருந்தது. அக்காவிடம், கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்துதான் குண்டு பல்பு. அதன் இரண்டு ஒயர்களையும் கண்டென்சரின் இரண்டு கால்களில் வைத்தால் பல்பு ஒரு முறை எரிந்து அணையும். அணைந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் அத்தானுக்குத் தெரியுமா என்றால், தெரியாமல் இருப்பதற்கு அவர் மிகவும் பாடுபட்டார். நின்றுபோன மிக்ஸி மறுநாள் ஓடினால், "நல்ல கம்பெனிடா, தானா சரியாயிடுச்சு" என்பார். இஸ்திரிப் பெட்டி சூடானால், "அன்னைக்கு கரண்ட்தான் கம்மியா வந்திருக்கு" என்பார். அந்த வீட்டில் பழுதான எல்லாப் பொருளும் தானாகச் சரியாகிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஃபிளாஷ் நின்றபோதுதான் விஷயம் கழுத்துக்கு வந்தது.

ஸ்டூடியோவுக்கு உருப்படியாக மிஞ்சியிருந்த வேலை நர்சிங் பள்ளியின் வருடாந்தரப் படம் ஒன்றுதான். மற்றதை எல்லாம் கைபேசிகள் எடுத்துக்கொண்டன. அறுபது மாணவிகளை மேடையில் மூன்று வரிசையாக நிறுத்தி எடுக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் வரிசையாக ஜன்னல்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் அறுபது பேரும் நிழலாக நிற்பார்கள், யார் பெண் யார் என்று பெற்றவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் படத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஃபிளாஷ் நின்றது. அத்தான் தட்டினார். நான்கு முறை தட்டினார். பிறகு அடித்தார். பிறகு, "இதுக்கு ஸ்பெஷலிஸ்ட்தான் வேணும்" என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

ஸ்பெஷலிஸ்டின் கடையில் 'எலக்ட்ரானிக் டாக்டர்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும். டாக்டர் ஃபிளாஷை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். முகத்தைச் சுளித்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"காலையிலேருந்து."

"ம்ம். முன்னாடியே கொண்டுவந்திருக்கணும்."

ஒன்பது நாள் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் அத்தான் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் நிலவரம் சொல்வார். "இன்னைக்கு போர்டைச் செக் பண்றாராம்." "இன்னைக்கு பார்ட்ஸுக்கு ஆள் அனுப்பியிருக்காராம்." "ஐசி வீக்கா இருக்காம்." அக்கா ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினாள். ஐசி என்றால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

பத்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, ஃபிளாஷ் ஒரு பாலிதீன் பையில் திரும்பி வந்தது.

"முடிஞ்சுபோச்சு" என்று அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். "மெயின் போர்டே போயிடுச்சாம். தூக்கிப் போட்டுருங்கன்னுட்டார்."

"வேற ஒண்ணு வாங்க முடியாதா?" என்றாள் அக்கா.

"வாங்கலாமே. உன் தம்பி வாங்கித் தருவானா?" என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டு அத்தான் முடிவைச் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் நர்சிங் பள்ளிக்குப் போன் பண்ணி, காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. மாதக் கடைசியில் ஸ்டூடியோவை மூடிவிடுவது. அவருடைய அண்ணனின் கல்யாண மண்டபத்தில் மேனேஜர் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரே அறை கொண்ட வீடும் தருவார்கள். கணவன் மனைவிக்குப் போதும்.

"பாப்பா?" என்றாள் அக்கா.

"அவ உன் தம்பி வீட்டுக்குப் போகட்டும். அங்க மூணு பசங்க, ஆள் இல்லாம அந்தப் பொண்ணு திண்டாடுது. இவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

மாறுதல் எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்குத் தெரியும். போன வருஷம் தம்பி வீட்டில் இரண்டு வாரம் இருந்தாள். பாத்திரம், துணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை. இரண்டாவது நாள் பிள்ளைகளின் ஓடாத பொம்மைக் காரைத் திறந்ததற்குத் தம்பி மனைவி, "அண்ணி, ஏன் வேலைக்கு நடுவுல விளையாடுறீங்க?" என்று கேட்டாள். அந்த வீட்டில் ஜன்னல் உண்டு, மேஜையும் உண்டு. மேஜை மேல் டிவி இருக்கும்.

அவள் எழுந்தாள். பாலிதீன் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். தூக்கிப் போடத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது.

மேஜை விளக்கடியில் ஃபிளாஷைத் திருப்பிப் பார்த்தாள். முன்பு ஒரு தடவை இதே டாக்டர் வேறொரு சாமானின் நல்ல மூடியைக் கழற்றிக்கொண்டு உடைந்ததை மாட்டி அனுப்பியிருந்தார். அதிலிருந்து வெளியே போகிற எந்தச் சாமானுக்கும் ஸ்க்ரூ தலையில் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து அனுப்புவாள். ஃபிளாஷில் நான்கு ஸ்க்ரூ. நான்கு பொட்டும் வைத்தது வைத்தபடி, கீறல்கூட இல்லாமல் இருந்தன. ஒன்பது நாளும் போர்டைச் செக் பண்ணியதும், ஐசி வீக்கானதும், மெயின் போர்டு உயிரை விட்டதும் எல்லாம் டாக்டரின் ஞான திருஷ்டியிலேயே நடந்து முடிந்திருந்தன.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் யாரும் திறக்காத பொருள் என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

புதன்கிழமை மத்தியானம் அத்தான் 'கொஞ்சம் யோசிக்கப் போகிறேன்' என்று படுத்தார். சாப்பிட்ட பிறகு தினமும் இரண்டிலிருந்து நாலு வரை யோசிப்பார், குறட்டையோடு. பாப்பா மேஜைக்கு வந்தாள்.

முதலில் நான்கு புது செல். மீட்டர் வைத்துப் பார்த்தாள், நான்கும் நன்றாக இருந்தன. செல் தொடும் தகடுகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். மூடியைப் போட்டு சுவிட்சைத் தள்ளினாள். சத்தமில்லை. வலது பக்கத்தை விரலால் அழுத்தினாள், ஒன்றுமில்லை. இடது பக்கத்தை அழுத்தினாள். 'ங்ஙீ' என்று கொசு பாடுவது போல மெல்லிய ஓசை எழுந்தது. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி அழுத்தினாள், பாடியது.

செத்தது பாடாது. எங்கேயோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

செல்லைக் கழற்றினாள். நெயில் பாலிஷைச் சுரண்டி, நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து, எது எந்த இடம் என்று வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்தாள். மூடியைக் கையில் ஒன்றும் படாமல் தூக்கினாள். அழுத்தி அழுத்திப் பாட வைத்ததில் கண்டென்சர் கொஞ்சம் குடித்திருக்கும். பல்பின் இரண்டு ஒயர்களை வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்து, சிவந்து, அணைந்தது. அதற்குப் பிறகும் பத்து வரை எண்ணிவிட்டு இன்னொரு முறை வைத்தாள். கை மரத்துப்போன நாள் அவளுக்கு நினைவிருக்கிறது.

பேட்டரியிலிருந்து போர்டுக்கு வரும் சிவப்பு ஒயர், இடது சுவரை ஒட்டிப் போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த ஈயப் புள்ளியைச் சுற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, வட்டமாக ஒரு விரிசல். பாப்பா மூடியை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். வெளியே, மோதிரம் பட்டுப் பட்டுப் பளபளத்துப்போயிருந்த இடத்துக்கு நேர் உள்ளே அந்தப் புள்ளி இருந்தது.

மெஷினைத் தட்டி எழுப்பிய மகராசன் அதைத் தட்டியே தூங்கவும் வைத்திருந்தார்.

பழைய ஈயத்தை எடுத்து, துடைத்து, புதிதாக வைத்தாள். மூன்று நிமிஷ வேலை. பிறகு மூடியின் பளபளத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நாளைக்கும் தட்டுவார். தட்டாதீர்கள் என்று சொல்வதும் மூச்சு விடாதீர்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். அவள் எழுந்து போய், அக்கா கழித்துப் போட்டிருந்த ரப்பர் செருப்பில் மெத்தென்ற இடமாகப் பார்த்து ஒரு தபால்தலை அளவுக்கு வெட்டி வந்தாள். அதை மெலிதாகச் சீவி, சுவருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒட்டினாள். இனி அவர் ஆசை தீரத் தட்டலாம்.

மூடி மாட்டி, செல் போட்டு, சுவிட்சைத் தள்ளினாள். ஓசை எழுந்தது, சின்ன விளக்கு எரிந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தினாள். அறை ஒரு கணம் வெள்ளையானது. கேமராவிலும் மாட்டிப் பார்த்தால் நல்லது. ஆனால் கேமரா பீரோவில் இருந்தது, பீரோச் சாவி யோசித்துக்கொண்டிருப்பவரின் இடுப்பில் இருந்தது.

நாலு மணிக்கு அத்தான் எழுந்தபோது டீ டம்ளர் பக்கத்தில் ஃபிளாஷ் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் டீயைப் பார்த்தார், ஃபிளாஷைப் பார்த்தார், இரண்டு தட்டு தட்டினார், டெஸ்ட் பட்டனை அழுத்தினார். வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏய், இங்க வா! நான் சொன்னேன்ல? அதுக்கு ரெஸ்ட்தான் வேணும்னு!"

"எப்பச் சொன்னீங்க?" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

"மனசுக்குள்ள சொன்னேன்."

பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். 'கேமராவுல மாட்டிப் பாருங்க அத்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். விழுங்கிவிட்டாள். காய்ச்சல் போனை அவர் பண்ணவில்லை. அது போதும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நர்சிங் பள்ளியின் கூடத்தில் அறுபது பெண்கள் வெள்ளை உடையில் மூன்று வரிசையாக நின்றார்கள். நடுவில் நாற்காலியில் பிரின்ஸ்பல். ஊசி போடுவதற்கு முன் நோயாளியைப் பார்ப்பது போல எல்லோரையும் பார்க்கிற அம்மாள். பெற்றவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். பாப்பாவின் வேலை, காலர் மடிந்திருக்கிறவளைத் திருத்துவது, உயரமானவளைப் பின்னால் அனுப்புவது. முடித்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

அத்தான் கேமராவில் ஃபிளாஷை மாட்டினார். "எல்லாரும் இங்க பாருங்க." டக் டக். அறுபது பேரும் சிரித்தார்கள். கேமரா 'களக்' என்றது. ஃபிளாஷ் சும்மா இருந்தது.

டக் டக். களக். சும்மா இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். மெஷின் சூடாகணும்."

"சூடாகட்டும். ஆனா பத்தரைக்கு வார்டு டியூட்டி இருக்கு" என்றார் பிரின்ஸ்பல். "முடியலன்னா சொல்லிடுங்க, எதிர்ல ஒரு ஸ்டூடியோ இருக்கு."

பாப்பா சுவரோரத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிகிறது. ஓசை வருகிறது. ஈயம் விடவில்லை. பிறகு என்ன? தம்பி வீட்டு மேஜையும் அதன் மேலிருந்த டிவியும் கண் முன்னால் வந்து நின்றன.

அப்போது ஒரு மாணவியின் மாமா, கழுத்தில் புதுக் கேமராவோடு முன்னால் வந்து, கிடைத்த சந்தில் தன் பங்குக்கு ஒரு படம் எடுத்தார். அவர் கேமராவில் வெளிச்சம் அடித்த அதே கணம், அத்தானின் கையில் குனிந்திருந்த ஃபிளாஷும் அவர் முகத்திலேயே அடித்தது. அத்தான் துள்ளினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா இன்னொன்று எடுத்தார். இதுவும் கூடவே அடித்தது.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஃபிளாஷின் முதுகில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால் சொந்தக் கேமரா சொல்வதைக் கேட்கும். மறு பக்கம் தள்ளினால் சொந்தக் கேமராவை மதிக்காது, வேறு எந்த ஃபிளாஷ் அடித்தாலும் சேர்ந்து தானும் அடிக்கும். டாக்டர் ஒன்பது நாளும் சும்மா இருக்கவில்லை, வெளியே இருந்த எல்லாவற்றையும் ஒரு முறை தள்ளிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்ததை எல்லாம் பார்த்தவள் வெளியே இருந்ததைப் பார்க்கவில்லை. டெஸ்ட் பட்டனுக்கு இது தெரியாது. கேமராவில் மாட்டியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

நேற்று விழுங்கிய வார்த்தைக்கு இன்று கூடத்தின் நடுவில் நடந்து போக வேண்டியிருந்தது. இருபது அடி. ஒரு பக்கம் அறுபது ஜோடிக் கண்கள், இன்னொரு பக்கம் அவர்களைப் பெற்றவர்கள். இரண்டு வரன்கள் முன்னால் டம்ளர் வைக்கப்போனபோதுகூட இவ்வளவு தூரம் இருக்கவில்லை. அத்தான் மறுபடி தட்டுவதற்கு விரலை ஓங்கியிருந்தார்.

"அத்தான்."

"என்ன இப்ப?"

"தூசி இருக்கு."

"எங்க?"

அவள் கையை நீட்டி, முந்தானையால் ஃபிளாஷின் முதுகைத் துடைத்தாள். துணிக்குள் கட்டைவிரல் சுவிட்சை நகர்த்தியது. "இப்பத் தட்டுங்க" என்றாள்.

டக் டக். அறுபது பேரும் சிரித்தார்கள். கூடம் வெள்ளையானது.

நான்கு படம் எடுத்தார். நான்கிலும் அடித்தது. "தட்டுற விதத்துல தட்டணும்" என்று அந்த மாமாவுக்கு விளக்கம் சொன்னார். மாமா மரியாதையாகத் தலையாட்டினார்.

மாணவிகள் கலைந்ததும் பிரின்ஸ்பல் எழுந்து நேராகப் பாப்பாவிடம் வந்தார்.

"அந்தத் தூசி எவ்வளவு பெருசும்மா இருந்துச்சு?"

பாப்பா தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஒரு சுவிட்ச் அளவு இருந்துச்சு மேடம்."

பிரின்ஸ்பல் சிரிக்கவில்லை. "எங்க லேப்ல ஒரு புரொஜெக்டருக்கு மூணு மாசமா தூசி. நாளைக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூடியோவுக்கு அனுப்பவில்லை. பாப்பா பெயரைக் கேட்டு எழுதி, அந்தப் பெயருக்கே அனுப்பினார். முப்பத்தாறு வருஷத்தில் அவளுடைய முழுப் பெயர் எழுதப்பட்ட பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. "யாருடி இது?" என்று அக்கா கேட்டாள்.

அந்தக் கூடத்தில் நின்ற மாமா வேறு யாருமில்லை, இன்னொரு தெருவின் போட்டோக்காரருக்குச் சகலை. தட்டும் வித்தை அவர் மூலம் ஊர் முழுக்கப் பரவியது. இப்போது பாதி போட்டோக்காரர்கள் தட்டுகிறார்கள், சிலர் இதற்காகவே கல் மோதிரம் வாங்கியிருக்கிறார்கள். தட்டத் தட்ட ஃபிளாஷ்கள் ஒவ்வொன்றாக நின்று அத்தானிடம் வருகின்றன. அவர் காதருகே வைத்துக் குலுக்கி, இரண்டு தட்டு தட்டி, "ரெண்டு நாள் ரெஸ்ட்ல இருக்கட்டும்" என்று வாங்கி வைக்கிறார். எலக்ட்ரானிக் டாக்டரே போன வாரம் ஒன்றைக் கொண்டுவந்தார், மருமகனுடையதாம்.

ஸ்டூடியோ மூடப்படவில்லை. மண்டபத்து நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அத்தான் இன்னும் இரண்டு முறை தட்டுகிறார். மூன்றாவது ஃபிளாஷ் இன்றுவரை நிற்கவில்லை. பின்னறை மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தவை மேல் இழுப்பறைக்கு வந்துவிட்டன, கத்தரிக்கோல் கீழே போயிருக்கிறது. இன்று மேஜை மேல் ஆறு ஃபிளாஷ்கள் இருக்கின்றன. நான்கு சரியாகிவிட்டன. அக்காவின் பழைய செருப்பில் ஒன்று தீர்ந்து, இரண்டாவதில் பாதி மிச்சமிருக்கிறது.